சாங்போ பள்ளத்தாக்கில் கயாக் பயணம்

திபெத்தில் யார்லுங் சாங்போ, அருணாசலப் பிரதேசத்தில் சியாங், அசாமில் பிரம்மபுத்திரா என்று ஓடும் ஆறு, இமயமலையின் கிழக்குக் கோடியில் 7,782 மீட்டர் உயரமுள்ள நம்சா பர்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து தெற்கே திரும்புகிறது. அந்த வளைவில் அது குடைந்திருக்கும் பள்ளத்தாக்கு உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளுள் ஒன்று. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் அகன்று, நிதானமாக வரும் ஆறு, சமவெளியை எட்டுவதற்குள் அந்த உயரத்தில் பெரும்பகுதியை இறங்கி முடித்துவிடுகிறது. கயாக் ஓட்டிகள் பலகாலம் இந்த ஆற்றின்மேல் கண் வைத்திருந்ததற்கு இந்தச் சரிவே காரணம்.

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றுதானா என்பதே 19ஆம் நூற்றாண்டில் உறுதியாகத் தெரியாது. அதைக் கண்டறிய 1880இல் பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறையினர் அனுப்பிய சிக்கிம்காரர் கிந்துப்பை, கூடப் போன லாமா வழியில் அடிமையாக விற்றுவிட்டார். கிந்துப் தப்பி வந்து, சொன்னபடியே அடையாளமிட்ட 500 மரத்துண்டுகளை ஆற்றில் விட்டார். முன்கூட்டி அவர் அனுப்பிய கடிதம் உரியவர் கைக்குப் போகவில்லை. கீழே அவற்றைப் பார்க்க ஆளும் இல்லை.

மலையாற்றுக் கயாக் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய குட்டையான பிளாஸ்டிக் படகு. இடுப்பைச் சுற்றிய உறை, இருக்கைக்குள் தண்ணீர் புகாதபடி படகின் வாயை மூடிவிடும். படகு கவிழ்ந்தால் ஓட்டுபவர் வெளியே வருவதில்லை. தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பை நீரில் வீசி, இடுப்பை வெட்டிப் படகை நிமிர்த்துகிறார். பாறையின்மேல் ஏறி விழும் நீர் அடியில் பாய, மேல்பரப்பு நீர் பாறையை நோக்கித் திரும்பி உருளும். படகை விடாமல் புரட்டிக்கொண்டே இருக்கும் இடம் அதுதான். பெரிய ஆற்றில் அதில் மாட்டினால் மீள்வது கடினம். பாறைக்குப் பின்புறத்தில் எதிர்த்திசையில் மெல்லச் சுழலும் நீர் வேறு வகை. ஓட்டுபவர் மூச்சு வாங்கவும் அடுத்த இறக்கத்தைப் பார்க்கவும் ஒதுங்குமிடம் அது.

நீரோட்டத்தின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஐந்து, தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆறு என்பது ஏறக்குறைய ஓட்டவே முடியாதது. ஆனால் தரம் அந்த ஆற்றின் நிரந்தரக் குணமல்ல, அன்றைய நீர்மட்டத்தைப் பொறுத்தது. சாங்போவில் இது உயிர்ப் பிரச்சினை. 1998இல் கனமழைக்குப் பிறகு, அக்டோபரிலும் ஆறு வழக்கத்தைவிட நிறைந்து ஓடியது. அப்போது இறங்கிய அமெரிக்கக் குழுவில் டக் கோர்டன் என்ற தேர்ந்த ஓட்டியை ஒரு சிறிய வீழ்ச்சிக்குக் கீழே ஆற்றின் நடுவோட்டம் இழுத்துச் சென்றது. உடல் கிடைக்கவில்லை.

2002இல் ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் வந்த ஏழு பேர் நடுக்குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உச்சிப் பனி உறைந்து, ஆறு வற்றியிருக்கும் காலம் அது. அப்போதும் அவர்கள் கரையை ஒட்டியே போனார்கள். நடுவோட்டத்தில் சிக்கினால் ஒதுங்க இடமில்லை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்பு பாறைமேல் ஏறிப் பார்த்து, ஓட்ட முடியாததைச் சுமந்து கடந்தார்கள். பல நாள் உணவும் துணியும் அடைத்த படகை வழுக்கும் பாறைகளில் தோளில் தூக்குவது, ஓட்டுவதைவிட அதிகம் களைக்கச் செய்யும் வேலை. அருவிகள் இருக்கும் பகுதியில் அதுவும் முடியாது. ஆற்றைவிட்டு விலகி, செஞ்சென் லா என்னும் பனிக் கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே மேல் பள்ளத்தாக்கை முதன்முதலாகக் கயாக்கில் இறங்கி முடித்தவர்கள் என்ற பெருமை இவர்களுடையது என்றாலும், முழுப் பள்ளத்தாக்கையும் படகில் கடந்ததாக அதற்குப் பொருளில்லை.

கீழ்ப் பள்ளத்தாக்கின் நிலை வேறு. 2000இல் துணை நதியான யிகோங்கை மலைச்சரிவு ஒன்று அடைத்தது. ஜூனில் அந்த அடைப்பு உடைந்து வந்த வெள்ளம், இந்தக் கீழ்ப் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து, அருணாசலம் வரை பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலையில், இதே வளைவின் சரிவைப் பயன்படுத்தி மின்சாரம் எடுக்கும் மிகப் பெரிய திட்டத்தைச் சீனா தொடங்கியது. ஆற்று நீரில் ஒரு பகுதியை மலைக்குள் சுரங்கம் வழியே திருப்புவது அதன் ஏற்பாடு.