கொழுந்து பறித்த விரலும் கண்ணாடித் திரையும்

டயகமவில் காலமெல்லாம் கொழுந்து பறித்த ஒரு பாட்டிக்குக் கொழும்பிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அழைக்கிறாள். பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். தள்ளுகிறார், பாதி வழியில் வட்டம் நழுவிக் கீழே வந்துவிடுகிறது. ஓங்கி அழுத்துகிறார். "அழுத்தாதீங்க அம்மாயி, சும்மா தொடுங்க" என்கிறான் பேரன். வயசானவர்களுக்கு இதெல்லாம் வராது என்று லயத்தில் எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை.

திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய மின்புலம். உப்பும் நீரும் நிறைந்த நம் உடலும் ஒரு மின்கடத்திதான். விரல் கிட்ட வந்ததும் அந்தப் புலத்தில் கொஞ்சம் விரல் பக்கம் திரும்பிவிடுகிறது. போன் அளப்பது அந்த மாற்றத்தை. மின்தேக்கத்தின் அலகான ஒரு ஃபராடை லட்சம் கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோஃபராட். மாற்றம் அதைவிடவும் சிறியது.

இத்தனை நுண்ணிய கணக்கில் தோலின் மேலடுக்குக் குறுக்கே நிற்கிறது. அது இறந்த செல்களால் ஆனது. காய்ந்தால் மின்சாரம் எளிதில் கடக்காது. பல வருட வேலையில் அது காய்த்துத் தடிக்கிறது. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகளும் ஓய்கின்றன. ஹோட்டன் சமவெளியை ஒட்டிய டயகம மலையின் குளிர் வேறு. வறண்ட விரல் கண்ணாடியில் முழுதாகப் பதியாததால் சமிக்ஞை மெலிகிறது. போன் அதை இரைச்சல் என்று தள்ளிவிடுகிறது. கடையில் ஒட்டித்தரும் தடித்த கண்ணாடி நிலைமையை இன்னும் கெடுக்கும்.

ஆக, பாட்டி அழுத்தியது முழுப் பிழையல்ல! அழுத்தினால் விரல்நுனி தட்டையாகி, தொடும் பரப்புக் கூடுகிறது. சிக்கல் என்னவென்றால், விரல் அங்கேயே தங்கிவிடும். 'நீண்ட தொடுகை' என்று போன் வேறு எதையாவது திறக்கும். ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்பில் நீண்ட தொடுகைக்கான நேரத்தைக் கூட்டலாம். சில போன்களில் தொடு உணர்திறனையும் கூட்டலாம். விரலைச் சற்று ஈரமாக்கினாலும் போதும்.

1965இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ. ஏ. ஜான்சன் இத்தகைய தொடுதிரையை முதலில் விவரித்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலருக்காக. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அவர் கணக்கில் இருந்திருக்க நியாயமில்லை.

கைரேகையால் ஆளை அடையாளம் காண்பதிலும் இதே கதை. ரேகையின் வேர் உள்தோலில் இருப்பதால் தேய்ந்தாலும் அதே வடிவில் மீண்டும் வளரும். ஆனால் தினமும் தேய்க்கும் வேலை அதற்கு அவகாசம் தருவதில்லை. இந்தியாவின் ஆதார் அடையாளத் திட்டத்தில் முதியோரும் உடலுழைப்பாளரும் இப்படித்தான் தடுமாறினார்கள். அங்கே 2018இல் முக அடையாள முறை அறிவிக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம். இந்திய உதவியோடு இலங்கை திட்டமிடும் டிஜிட்டல் அடையாள அட்டையில் கைரேகையோடு முகமும் கருவிழியும் சேர்கின்றன. தோட்டத்து முதியவர்களுக்கு அது நல்ல செய்தி. கண்புரை இருந்தால் கருவிழிப் பதிவு கெடாதா என்று கேட்கலாம்; புரை விழுவது கருவிழிப்படலத்துக்குப் பின்னால் உள்ள வில்லையில். அதனால் படலத்தின் வடிவம் பெரும்பாலும் கெடுவதில்லை. புரையை எடுத்த பிறகுதான் சிலருக்குக் கருவிழியைத் திரும்பப் பதிய வேண்டிவரும்.