தவறு யாருடையது?

என் தந்தை ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் ஓட்டுபவர். சென்ற ஆண்டு ஒரு நாள், அவருடைய எந்திரத்தில் ஓடிய 40-ஆம் நம்பர் நூல் பரிசோதனையில் 39 ஆக இருந்ததென்று கூலியில் பிடித்தம் செய்தார்கள். ‘கவனமாத்தானே பார்த்தேன்’ என்று அன்றிரவு அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு, அதற்கு விடை புள்ளியியல் வகுப்பில்தான் கிடைத்தது.

ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். நம்பர் குறைந்தால் நூல் தடித்துவிட்டது என்று பொருள்.

ஒரே மாவில் அம்மா ஊற்றும் தோசைகளே ஒரே எடையாக இருப்பதில்லை. நூல் மட்டும் எப்படி இருக்கும்? பஞ்சின் இழைநீளம், காற்றின் ஈரம், எந்திரத்தின் அதிர்வு என்று எண்ணற்ற சிறு காரணங்கள் சேர்ந்து அதைச் சற்றே ஏற்றி இறக்குகின்றன. இவை தற்செயல் காரணங்கள். எப்போதாவது தனியொரு பெரிய காரணமும் புகுந்துவிடும். அது இனங்காணத்தக்க காரணம், தேடினால் அகப்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்ததே கட்டுப்பாட்டு வரைபடம். சராசரியை நடுக்கோடாக வரைந்து, அதற்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரு எல்லைக் கோடுகள் இடவேண்டும். அளவுகள் இயல்நிலைப் பரவலில் அமைந்தால், தற்செயலாக எல்லை தாண்டுபவை 10,000-இல் சுமார் 27 மட்டுமே. ஆகவே வெளியே விழும் புள்ளிக்குக் காரணம் தேடுக. உள்ளே அலையும் புள்ளிக்காக ஆளைக் கடியாதே!

அப்பா தம் சிறு நோட்டில் அம்மாதம் குறித்து வைத்திருந்த 25 எண்களை வரைபடமாக்கினேன். சராசரி 40, திட்ட விலக்கம் 0.6; எல்லைகள் 38.2, 41.8. பிடித்தம் செய்த நாளின் 39 உள்ளேயே இருந்தது! ஆனால் வேறொரு நாளின் 37.9 வெளியே கிடந்தது. அதைக் காட்டியதும், ‘அன்னிக்கு வீல் மாத்தினாங்க’ என்றார் அப்பா. பழைய வீலைத் திரும்பப் போட்டதும் நூல் சரியாயிற்றாம்.

தற்செயல் அலைவைக் குறைக்கத் தொழிலாளியால் இயலாது. நல்ல பஞ்சும், பழுதற்ற எந்திரமும், சீரான ஈரப்பதமும் தரவேண்டியது நிர்வாகமே. 1950-இல் டெமிங் ஜப்பானியருக்கு வலியுறுத்திய பாடமும் இதுவே. 1947-48-இல் ஷூவார்ட் நம் நாட்டிற்கே வந்து சென்றார். 1998-இல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு டெமிங் பரிசையே வென்றது. ஆதலின் இது நமக்கு எட்டாத கலையன்று.

வரைபடத்தை நெடுநேரம் பார்த்திருந்த அப்பா, ‘அப்படீன்னா அன்னிக்கு எம்மேல தப்பில்லையா கண்ணு?’ என்று கேட்டார்.

‘இல்லைப்பா’ என்றேன். பிடித்த கூலி திரும்பவில்லை. ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.