துயிலும் மெத்தையும்

உண்டி, உடை, உறையுள் ஆகியவற்றை ஆராய்ந்து தேடும் நாம் துயிலுக்குரிய படுக்கையை ஆராய்ந்து தேடுவது குறைவு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உறங்கும் ஒருவர் அறுபது ஆண்டு வாழ்வாராயின், அவற்றுள் இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே கழிகின்றன. பாயும், இலவம்பஞ்சு மெத்தையும், தும்பு மெத்தையும் பழகிய எம்மூர்க் கடைகளில் இன்று வேறு இருவகை மெத்தைகள் முன்னிற்கின்றன. ஒன்று சுருள்வில் மெத்தை. மற்றையது 'மெமறி போம்' எனப்படும் நினைவு நுரை மெத்தை. இவற்றுள் எதனைக் கொள்வது?

இவ்வினாவை எம்மிடம் விடுத்தவர் குளிர்தேசமொன்றில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர். ஊரிலே தனித்திருக்கும் பெற்றோருக்கு நினைவு நுரை மெத்தையொன்று வாங்கிக் கொடுக்கும்படி பணம் அனுப்பியிருந்தார். அதுதான் உகந்ததோ என்றும் கேட்டிருந்தார். தமிழ் கற்பிக்கும் எமக்கு மெத்தையைப் பற்றி யாது தெரியும்? எனினும், மாணவர் கேட்ட வினாவுக்கு விடை தேடாதிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தேடி அறிந்தவற்றை ஈண்டு விளக்குவாம்.

முதலிற் சுருள்வில்லை நோக்குவோம். வில்லொன்றை எவ்வளவு அமுக்குகின்றோமோ, அதற்கு நேர்விகிதமாக அது திருப்பித் தள்ளும் என்பது றொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் 1678 இல் வெளியிட்ட விதி. பௌதிக ஆய்வுகூடத்திற் படியைத் தொங்கவிட்டு இதனை அளந்த மாணவர்கள் மறந்திரார். இவ்விதியின்படி, சுருள்வில் மெத்தை படுத்தவுடனே எதிர்த்துத் தாங்கும். எழும்போது உடனே மேலே தள்ளி உதவும். உள்ளே வெற்றிடம் இருப்பதாற் காற்றும் உலாவும். வில்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பின், ஒருவர் புரண்டால் மற்றவரும் அசைவார். ஒவ்வொரு வில்லும் தனித்தனித் துணிப்பையில் இடப்பட்டிருப்பின் அவ்வசைவு குறையும்.

நினைவு நுரையோ வேறு இயல்பினது. அது 1966 இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளிற் பயன்படுத்தும் நோக்குடன், சாள்ஸ் யோஸ்ற் என்பவரால் ஆக்கப்பட்டது. பிசுக்குமையும் மீள்தன்மையும் ஒருங்கே உடைய நுரை அது. தேனைப் போல மெல்ல இடங்கொடுத்து, றப்பரைப் போலப் பழைய வடிவை அடையும். அஃது உடலின் பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்து தாங்குவதால், தோளிலும் இடுப்பிலும் அழுத்தம் குறைகின்றது. நினைவு என்னும் பெயரும் பொருத்தமே. ஆயின் அது நினைவில் வைத்திருப்பது தன் வடிவையேயன்றிப் படுத்தவர் வடிவையன்று.

இந்நுரைக்கு இன்னொரு குணமுண்டு. குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். மகன் குளிர்தேசத்திற் படுத்துச் சுகங்கண்ட மெத்தை, சித்திரை வைகாசி வெப்பத்தில் எம்மூர் அறையிலே அதே மெத்தையாக இராது. உடல் அதிகம் அமிழும்; அமிழ்ந்த இடத்திற் காற்றோட்டம் குன்றும்; உடற்சூடு தங்கும்.

'நாரி நோவுக்குக் கடினமான படுக்கையே நன்று' என்று பலரும் கூறக் கேட்டிருக்கின்றோம். 2003 இல் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வு இதனை ஆராய்ந்தது. ஸ்பெயின் நாட்டில் நெடுநாள் நாரி நோவுடைய 313 பேரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்விலே, கடினமான மெத்தையிலும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நோவை அதிகம் தணித்தது. ஆகவே, மிக்க மென்மையும் மிக்க கடினமும் தவிர்க்கத்தக்கன.

இவ்வளவும் அறிந்த பின், மாணவரின் தந்தையாரையும் தாயாரையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். இருவரையும் இருவகை மெத்தைகளிலும் கால் மணி நேரம் படுத்துப் பார்க்கச் செய்தோம். பருத்த உடலும் முழங்கால் நோவும் உடைய தந்தையார் நினைவு நுரையில் இருந்து எழ முயன்று, விளிம்பு அமிழ்ந்ததாற் கைகொடுக்கக் கேட்டார். "படுக்கச் சுகமாய்த்தான் இருக்குது மாஸ்ரர், எழும்பத்தான் வில்லங்கமாய்க் கிடக்குது" என்றார். இரவில் இருமுறை எழும் முதியவர், கைகொடுப்பாரில்லாத வீட்டில், இருளிலே தடுமாறினால் நேர்வது என்ன? மெலிந்த உடலினரும், ஒருக்களித்துப் படுப்பவருமான தாயாரோ, இடுப்பு நோவு தணிந்ததென்று அந்நுரையையே விரும்பினார். ஒரு பெரிய மெத்தைக்கு வந்த பணத்தில், அவருக்கு நுரையும் இவருக்குத் தனிப்பைச் சுருள்வில்லுமாக இரு சிறிய மெத்தைகள் வாங்கினோம்.

வாங்குவோர் நினைவிற் கொள்ளத்தக்கவை சில. நினைவு நுரை பெரும்பாலும் மேற்படையாகவே இருக்கும். கீழே இருப்பது சாதாரண நுரை. மேற்படையின் தடிப்பையும் அடர்த்தியையும் கேட்டறிக. கட்டிலின் உயரத்தோடு மெத்தையின் தடிப்பையும் கூட்டிப் பார்க்குக; விளிம்பில் இருக்கும்போது பாதங்கள் நிலத்திற் படிதல் வேண்டும். நுரை ஈரமாயின் எளிதில் உலராது. அடியிற் காற்றுப் புகும் பலகைக் கட்டில் நன்று. கைக்குழந்தைகளை மென்மையான மெத்தையிற் கிடத்துதல் ஆகாது. மூச்சுத் தடைப்படும் அபாயம் உண்டு. எழ இயலாது படுக்கையிற் கிடப்போர்க்குப் படுக்கைப்புண் வாராது காக்கும் மெத்தையை மருத்துவரைக் கேட்டே தெரிதல் வேண்டும்.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். பணம் அனுப்புபவர் ஒருவர், படுப்பவர் வேறொருவர். மெத்தையின் பெயரையும் விலையையும் விசாரிக்கு முன்னர், "ஐயா, இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள்? அம்மா, எந்தப் பக்கம் நோகிறது?" என்று தொலைபேசியிற் கேளுங்கள். அவ்விடைகளே எதனை வாங்குவதென்று உங்களுக்குச் சொல்லும்.