மிதித்தால் நிற்க வேண்டும்!

மோட்டார் வண்டியின் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசாதவர் அரிது. அது நிற்கும் விதத்தைப் பற்றி விசாரிப்பவரோ அதனினும் அரிது. ஓடாத வண்டி நம்மை வீட்டில் உட்கார வைக்கும், அவ்வளவுதான். நிற்காத வண்டி நம்மையும், பள்ளிக்கூடம் விட்டுச் சாலையைக் கடக்கும் குழந்தையையும் எங்கே கொண்டு சேர்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த எளிய உண்மையை நாம் உத்திரமேரூரில் ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொண்டோம்.

வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாசனங்களைக் கண்ணாரக் காணும் உத்தேசத்துடன், பழைய அம்பாஸடர் வண்டியொன்றில் காஞ்சீபுரத்தினின்று புறப்பட்டோம். ஊரை நெருங்கும் சமயம் ஓர் ஆட்டு மந்தை குறுக்கிட்டது. பிரேக்கை மிதித்தோம், வண்டி நின்றது. ஆனால் காலை எடுக்காமல் காத்திருக்கையில், மிதிகட்டை சேற்றில் அமிழ்வதுபோல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிற்று. வண்டியும் நகரத் தொடங்கிற்று. கைப் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினோம். ஆடுகள் பிழைத்தன; நாமும் பிழைத்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்த நோய் ஒரு மாதமாகவே தலைகாட்டி வந்தது. இரண்டு முறை மிதித்தால் பிரேக் பிடிக்கிறதே என்று நாமும் அதை அசட்டை செய்து வந்தோம்.

ஊருக்குள் ஒரு சிறு பட்டறை இருந்தது. மேஸ்திரி நான்கு சக்கரங்களையும் குழாய்களையும் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. "ஏர் எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்டோம்.

"வெளியில ஒழுகலைங்க ஐயா, உள்ளுக்குள்ளேயே ஒழுகுது. மாஸ்டர் சிலிண்டர்ல வாஷர் போயிடுச்சு. ஏர் மட்டும் எடுத்தா உங்க மனசுக்குத்தான் திருப்தி, வண்டி நிக்காது" என்றார்.

யந்திரத்தின் தத்துவம்

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட உண்மை. மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் கொடுத்தால், நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களிலும் அதே அழுத்தம் ஒருசேரத் தோன்றும். இத்தத்துவத்தை மோட்டாருக்குப் பொருத்தி 1917-ல் பேடண்டு பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாஹெட். 1921-ல் வெளிவந்த ட்யூஸன்பர்க் வண்டி இவ்வகைப் பிரேக்குடன் வந்தது. போர்டு வண்டிகளுக்கு இது வாய்க்க 1939 வரை ஆயிற்று.

திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். ஆகவே குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால், நம் காலின் பலம் அக்குமிழியை நசுக்குவதிலேயே வீணாகும். அப்போது மிதிகட்டை பஞ்சுபோல் அமுங்கும். வாஷர் தேய்ந்த குறை வேறு: மிதிகட்டை முதலில் கெட்டியாக நின்று, பிறகு மெல்ல இறங்கும். ஏரிக் கரையில் நண்டு வளை விழுந்ததற்கு ஒப்பு இது. வெளியிற் பார்த்தால் கரை உறுதியாகவே தோன்றும். நீர் உள்ளே வழி தேடிக்கொண்டிருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஓர் அறைதான் உண்டு. ஆகவே ஒரு வாஷர் போனால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் போயிற்று. பிற்கால வண்டிகளில் இரண்டு அறைகள் வைத்தது இதன் பொருட்டே.

சிகிச்சை

மேஸ்திரி சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார். பிஸ்டன், சுருள் வில், கிண்ணம்போன்ற ரப்பர் வாஷர்கள் வெளிவந்தன. முன் வாஷரின் விளிம்பு வெற்றிலை ஓரம்போல் கிழிந்திருந்தது. அவர் வாஷரைக் காட்டிலும் சிலிண்டரின் உட்சுவரையே கவனமாக வெளிச்சத்தில் பார்த்தார். துருக்குழியோ ஆழ்ந்த கீறலோ இருந்தால், புது வாஷரும் சில நாளில் கிழியும். அப்போது சிலிண்டரையே மாற்ற வேண்டும். நம் அதிருஷ்டம், சுவர் வழவழப்பாக இருந்தது.

உறுப்புக்களை ஸ்பிரிட்டில் கழுவினார். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆகாது. என்ஜின் ஆயிலை ஒரு சொட்டுக் கலந்தாலும் ஆபத்து. இவை பிரேக் ரப்பரை ஊறி உப்ப வைத்துவிடும். முற்காலத்துப் பிரேக் எண்ணெயில் நம் ஆமணக்கெண்ணெயே சேர்ந்திருந்தது என்பது நேயர்களுக்கு வியப்பாயிருக்கும். இன்றைய கிளைகால் வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் ரகத்தின் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்ஸியஸுக்குக் குறையாது. ஈரம் ஏறிய பின் 140 வரையில் இறங்கிவிடலாம். சூடேறிய பிரேக்கில் அந்த ஈரம் ஆவியானால் மிதிகட்டை தரை தட்டும். உட்சுவரில் துரு ஏறுவதும் அந்த ஈரத்தாலேயே.

புது வாஷர்களைப் புது எண்ணெயில் தோய்த்து, விளிம்பு அழுத்தம் வரும் பக்கம் நோக்கும்படி பொருத்தினார். பிஸ்டன் முற்றிலும் பின்வாங்கும்படி மிதிகட்டைக்குச் சிறிது தளர்ச்சி விட்டார். அது இல்லாவிடில் எண்ணெய் திரும்பும் நுண்துளை அடைபட்டு, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடுமாம்.

பிறகு ஏர் எடுக்கும் படலம். மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் நடந்தது. நிப்பிளில் மாட்டிய ரப்பர்க் குழாயின் நுனி, எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்கியிருந்தது. "மிதிங்க... அப்படியே புடிங்க" என்பார், நிப்பிளைத் தளர்த்துவார், குமிழிகள் பொங்கும், முடுக்குவார், "விடுங்க" என்பார். முடுக்குமுன் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். எண்ணெய் டப்பாவை ஒரு கணமும் வறள விடவில்லை. வெளிவந்த பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டார். அதைத் திரும்ப ஊற்றுவது பெரும் பிழை.

கணக்குக் காட்டாதவர்

அம்பாஸடர் 1958 முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியாயிற்று. சென்னைப் பாடியில் 1962-ல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா, பிரேக் உறுப்புக்களை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தது. சுதேசித் தொழில் இவ்வளவு வளர்ந்திருக்க, விலை சற்று மலிவென்று பெயரில்லாப் போலி வாஷரை வாங்கி உயிரைப் பணயம் வைப்பது நியாயமா?

மாலையில் சாசனத்தைக் கண்டோம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் எழுத்துக்கள் அவை. ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். பிரேக் எண்ணெய்க்கும் இவ்விதியே பொருந்தும் என்று நமக்குத் தோன்றிற்று. டப்பாவில் குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று என்று கணக்குக் கேட்காமல் மேலும் மேலும் ஊற்றுவதே நாம் செய்த குற்றம். எண்ணெய்க்கும் பதவிக் காலம் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நலம்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் நாளைக் காலை ஒரு காரியம் செய்யட்டும். புறப்படுமுன் பிரேக்கை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருக்கட்டும். மிதிகட்டை அசையாமல் நின்றால் பிரயாணத்தைத் தொடங்கலாம். இறங்கினால், வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். மேஸ்திரி அங்கே வரட்டும்.