சுண்ணாம்புக்குள் இருக்கும் காற்று

"பூமி தன்னைத்தானே சரி பண்ணிக்கும் தோழர், மனுசன் ஒதுங்கிக்கிட்டாப் போதும்." சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய கூட்டத்தில் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது உறுத்தத் தொடங்கியது. வேதியியலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. பூமி சரி பண்ணிக்கொள்ளத்தான் செய்யும். எப்படி, எவ்வளவு காலத்தில், எதை இழந்து என்ற மூன்று கேள்விகளையும் அந்த வாக்கியம் விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. 'இயற்கைச் சமநிலை' என்கிற இந்தச் சொல்லாடல் இடதுசாரி மேடை, பசுமை மேடை, ஆன்மீக மேடை என எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிப்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். இதைப் பிரித்துப் பார்க்க, தத்துவத்தைவிடச் சுண்ணாம்பு நமக்கு அதிகம் உதவும்.

காளவாயில் சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ போட்டுச் சுடுகிறார்கள். உள்ளே போனதைவிட வெளியே வருவது எடை குறைவு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ எங்கே? புகையாகப் போயிற்று என்போம். விறகோ கரியோ எரிந்த புகை வேறு கணக்கு. இந்த 44 கிலோ கல்லுக்குள்ளேயே இருந்தது. ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்கிற மருத்துவர் 1756-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எடை போட்டுக் காட்டினார். கல்லுக்குள் 'பிடித்து வைக்கப்பட்ட' காற்று என்று அதற்குப் பெயர் வைத்தார். நாம் கரியமிலவாயு என்கிறோம். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் குழாய் வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்திருப்போம். நம் மூச்சிலிருக்கிற அந்த வாயு சுண்ணாம்போடு கூடி மறுபடியும் கல்லாகி மிதக்கிறது, அதுதான் அந்த வெள்ளை.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் இதே கதைதான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெதுவாக இழுத்துக்கொண்டு இறுகும். காளவாயில் கல் விட்டுப்போன காற்றை நம் வீட்டுச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. காற்று கல்லாவதும் கல் காற்றாவதும் கவித்துவப் படிமம் இல்லை. எடை போட்டு நிறுக்கக்கூடிய சங்கதி.

அப்படியென்றால் அந்தக் காற்று முதலில் கல்லுக்குள் போனது எப்படி? அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடல் பார்க்காத அந்த ஊரின் சுரங்கங்களில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. காரையிலும் கருடமங்கலத்திலும் அம்மோனைட் என்கிற, இன்று உலகிலேயே இல்லாமல் போன கடல் உயிரின் சுருள் ஓடுகள் கிடைத்தன. 1860-களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தப் பகுதியின் ஓடுகளைப் பார்த்து வகைப்படுத்தி எழுதினார். (காலனிய நில அளவை எதற்காக வந்தது என்பது வேறு பேச்சு, நிலக்கரியும் கனிமமும் தேடித்தான் வந்தது.)

அந்தக் கடல் உயிர்கள் ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை எங்கிருந்து பெற்றன? மலையிலிருந்து. மழைநீர் சுத்தமான தண்ணீர் இல்லை. விழும்போதே காற்றிலிருக்கும் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. தொழிற்சாலைப் புகை இல்லாத இடத்திலும் அப்படித்தான். மண்ணுக்குள் இறங்கினால் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயு சேர்ந்து அமிலம் இன்னும் கூடும். இந்தப் புளித்த தண்ணீர் கருங்கல் போன்ற சிலிகேட் பாறைகளைத் துளித்துளியாக அரிக்கிறது. பாறையிலிருந்து கால்சியம் கழன்று வருகிறது. காற்றிலிருந்து வந்த கரியமிலவாயு பைகார்பனேட் என்ற வடிவத்தில் அதோடு சேர்ந்து ஆற்றில் கரைந்து கடலுக்குப் போகிறது. கடலில் ஓடு கட்டும் உயிர்கள் இரண்டையும் எடுத்துச் சுண்ணாம்பாக்குகின்றன. செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து கல்லாகின்றன.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். கருங்கல்லிலிருந்து ஒரு கால்சியம் கழல, காற்றிலிருந்து இரண்டு பங்கு கரியமிலவாயு செலவாகிறது. கடலில் ஓடு கட்டும்போது ஒரு பங்கு திரும்ப வெளியேறிவிடும். ஒரு பங்கு கல்லில் தங்கும். ஆக ஒரு பங்கு லாபம். மழை கரைப்பது கருங்கல்லாக இல்லாமல் சுண்ணாம்புக்கல்லாகவே இருந்தால், காற்றிலிருந்து போவது ஒரு பங்கு, கடலில் திரும்பி வருவதும் ஒரு பங்கு, கணக்கு பூஜ்யம். எந்தக் கல் கரைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான எபெல்மென் 1845-லேயே இதைச் சொல்லிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952-ல் ஹெரால்ட் யூரே சொன்னபோது அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் சமன்பாட்டுக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அறிவியலிலும் பெயர் ஒட்டுவதற்கு ஒரு அரசியல் உண்டு.

இந்த வேலை நடக்காத வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க வெள்ளிக் கிரகம் இருக்கிறது. அங்கே காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமிலவாயு. நம்முடையதைப் போல் 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம். தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம். நம் பூமியிலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கரிமம் உண்டு. பெரும்பகுதி அரியலூரைப் போன்ற இடங்களில் கல்லாகப் புதைந்து கிடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். எரிமலைகள் கரியமிலவாயுவைக் கக்குகின்றன. காற்றில் அது கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மழை கூடும், பாறை அரிப்பும் வேகம் பிடிக்கும். வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் எல்லாம் எதிர்ப்பக்கமாக நடக்கும். 1981-ல் வாக்கர், ஹேய்ஸ், காஸ்டிங் மூவரும் இந்தச் சுற்றைத் தெளிவாக எழுதினார்கள். சூரியன் பழங்காலத்தில் இன்றைவிட மங்கலாக இருந்தும் கடல்கள் பெரும்பாலும் உறையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, 'சரி பண்ணிக்கும்' என்பதற்குப் பின்னால் உண்மையான ஒரு இயக்கம் இருக்கிறது. நண்பரைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் காலம்? சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கரிமம் காற்றிலும் கடலிலும் சேர்ந்து பூமி 5, 6 டிகிரி சூடானது. அப்போது கடல் புளித்து, ஆழத்தில் படிந்திருந்த சுண்ணாம்பு கரைந்துபோனது. கடலடியைத் துளைத்து எடுக்கும் மண்தூணில், வெள்ளைப் படிவுக்கு நடுவே செங்களிமண் பட்டையாக அந்தக் காலம் இன்றும் தெரிகிறது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருக்குறள் எழுதி இரண்டாயிரம் ஆண்டு என்று பெருமைப்படுகிறோம். அதைப் போல் ஐம்பது மடங்கு.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். பாறை காலங்காலமாக வாங்கிப் பழகியிருப்பது எரிமலை தருகிற அளவை. நிலக்கரி, எண்ணெய், சிமெண்டு வழியாக ஆண்டுக்கு வெளியேறுவது இப்போது 3,700 கோடி டன்னைச் சுற்றி. எரிமலைகள் தருவது அதில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு, 1958-ல் ஹவாயில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வேகத்துக்குக் கல் ஓடி வராது.

வேகமாக வாங்கிக்கொள்வது கடல். நாம் விடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல்தான் எடுத்துக்கொள்கிறது. காற்றில் இருப்பதைப் போல் 40 மடங்குக்கு மேல் கரிமம் ஏற்கனவே கடலில் இருக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்று தோன்றும். ஆனால் கடல் இதைச் சும்மா வாங்கவில்லை. உள்ளே வரும் கரியமிலவாயு, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைத் தின்று பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. மேல்மட்டக் கடல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அந்த அளவுகோல் அப்படிப்பட்டது; 0.1 இறக்கம் என்றால் அமிலத்தன்மை 25 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். பவளமும் சிப்பியும் ஓடு கட்ட அதிகம் பாடுபட வேண்டும். 'சரி பண்ணிக்கும்' என்று நாம் சொல்வதன் விலையை இப்போது கட்டிக்கொண்டிருப்பது அவைதான். அவற்றைப் பிடித்துப் பிழைக்கிற கடற்கரைச் சனங்களும்.

'மனுசன் ஒதுங்கிக்கிட்டா' என்ற பாதியும் மிச்சமிருக்கிறது. எந்த மனுசன்? 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரித் தண்டவாளத்தில் படுத்தார்கள். பெயர் யாருடையது என்ற கேள்வி அன்று அரசியலாயிற்று, நியாயமான கேள்விதான். அந்த ஊர்ச் சூளைக்குள் கல்லிலிருந்து காற்று பிரிந்து போய்க்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. இதை அன்றைக்கு உள்ளவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உற்பத்தி, உடைமை என்று நாளெல்லாம் பேசும் நாமும் சூளை வாசலோடு நின்றுவிடுகிறோம். 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு அதே சுண்ணாம்புக்கல்தான் அடிப்படை. இன்றைய சூளைகளில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் களிமண்ணோடு சேர்த்துச் சுடுகிறார்கள். உலகக் கரியமிலவாயு வெளியேற்றத்தில் சிமெண்டின் பங்கு 7, 8 சதவீதம். அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது வரும். கான்கிரீட்டும் சுண்ணாம்புச் சுவர் போலக் கொஞ்சம் திரும்ப வாங்குகிறது, மெதுவாக, ஓரளவுக்கு மட்டும். மேம்பாலத்தில் போகிறவரும் சுரங்கத்துத் தூசியில் கிடக்கிறவரும் இந்தக் கணக்கில் ஒரே 'மனுசன்' ஆகிவிடுகிறார்கள். வேதியியலுக்கு அந்தப் பேதம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

இப்போது கல்லின் சோம்பலையே தொழிலாக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. பசால்ட் எனும் எரிமலைக் கருங்கல்லைத் தூளாக்கி வயலில் தூவுவது. தூளானால் பரப்பு கூடும், அரிப்பும் வேகமாகும், வேதியியல் சரிதான். தக்காணத்தில் பரவலாகக் கிடப்பது இந்தக் கல்தான். மத்திய இந்தியாவின் சிறு விவசாயிகளின் வயல்களில் இதைச் செய்யும் ஒரு முயற்சிக்கு 2025-ல் 5 கோடி டாலர் சர்வதேசப் பரிசு கிடைத்தது. மண்ணுக்குச் சத்தும் கிடைக்கிறது என்கிறார்கள்; இருக்கலாம், நான் இதை முழுசாக எதிர்க்கவில்லை. ஆனால் விற்கப்படுவது தூள் இல்லை. 'இத்தனை டன் காற்றிலிருந்து எடுத்தோம்' என்ற சீட்டு. வாங்குகிறவர் அந்தச் சீட்டைக் காட்டித் தன் புகையைத் தொடரலாம்.

இதை அந்த நண்பரிடம் போனில் சொன்னேன். "சரி, எடுத்தாங்களா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?" என்றார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். யூரியா போட்ட நிலத்தில் நைட்ரிக் அமிலம் உண்டாகும். தூளைக் கரைப்பது அந்த அமிலமாக இருந்தால், கால்சியம் கழன்று வரும், காற்றிலிருந்து ஒன்றும் குறையாது. வயலில் தூள் காணாமல் போனதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வடிகிற தண்ணீரில் பைகார்பனேட்டை அளக்க வேண்டும். அது ஆறு வழியாகக் கடல் வரை தாக்குப்பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "அதை யார் அளப்பா? விக்கிறவனா, வாங்குறவனா?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.