சர்க்கரை போடாத காபி இனிக்குமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுசா மாத்தாம, படிக்க வசதியா சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு காபி பத்திப் பேசப் போறோம். விக்கிரமங்கலத்துல உட்கார்ந்துகிட்டு காபியைப் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்கலாம், நியாயமான கேள்விதான். எங்க பக்கம் முந்திரி, கரும்பு, மக்காச்சோளம், கடலை எல்லாம் விளையும். காபிச் செடி ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா கரும்பு தெரிஞ்சவங்களுக்கு காபியோட இனிப்பு சீக்கிரம் பிடிபடும். எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

இந்தப் பேச்சு ஆரம்பிச்சது எங்க அப்பாவால. அவருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லல, காபியில போடுற சர்க்கரையை நிறுத்தச் சொன்னாரு. அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு ரெண்டு ஸ்பூன் போடுற ஆளு. சர்க்கரை இல்லாம ரெண்டு நாள் குடிச்சுட்டு, "இது கஷாயம்டா"ன்னு டம்ளரை வச்சுட்டாரு. நான் இணையத்துல தேடி, "இயற்கையான இனிப்பு, வெல்லம், பலாப்பழச் சுவை"ன்னு அச்சடிச்ச ஒரு ஸ்பெஷாலிட்டி காபி வாங்கினேன். 250 கிராம் 600 ரூபாய். அப்பா ஒரு வாய் குடிச்சாரு. "இதுல எங்கடா வெல்லம்?"னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த ஏமாற்றத்தையே எடுத்துக்கலாம். பச்சைக் காபிக் கொட்டையில சர்க்கரை இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. அராபிகாவில் எடையில் 6 முதல் 9 சதவீதம் வரை சுக்ரோஸ், அதாவது நாம சீனின்னு சொல்றதே இருக்கிறது. ரோபஸ்டாவில் அதைவிடக் குறைவு. ஆனால் கொட்டையை வறுக்கும்போது அந்தச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் உடைந்துபோகிறது. கொஞ்சம் நிறமாகிறது, கொஞ்சம் வாசனையாகிறது, கொஞ்சம் புளிப்பாகிறது. டம்ளருக்கு வந்து சேர்கிற சர்க்கரை, நாக்கால் கண்டுபிடிக்கக்கூடிய அளவைவிடக் குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை அளந்தே பார்த்தார்கள். 2020-ல் வந்த அந்த ஆய்வில், சர்க்கரை அந்த எல்லைக்குக் கீழே இருந்தும் சுவைத்தவர்கள் இனிப்பைச் சொன்னார்கள். அதிலும் காபி நீர்த்துப்போகப் போக இனிப்பு கூடுவதாகச் சொன்னார்கள்.

அப்போ அந்த இனிப்பு எங்கிருந்து வருது? பெரும்பகுதி மூக்குலேர்ந்து. பாகு காய்ச்சுற வாசனை, நெய்யில முந்திரி வறுபடுற வாசனை இதெல்லாம் இனிப்போட சேர்ந்தே நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. வறுத்த காபியில் அதே இன வாசனைகள் இருக்கு. வீட்டுலேயே சோதிச்சுப் பார்க்கலாம். பால் சேர்க்காத காபியை, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிங்க. கசப்பு இருக்கும், புளிப்பு இருக்கும், 'வெல்லம்' காணாமப் போயிடும். மூக்கை விடுங்க, திரும்பி வரும்.

அதாவது பாக்கெட்டுல எழுதியிருந்தது பொய்னு சொல்ல முடியாது. ஆனா எங்கப்பா எதிர்பார்த்த இனிப்பு அது இல்ல. இந்த வித்தியாசத்தை யாரும் பாக்கெட்டுல எழுதறதில்ல.

இனிமேதான் விஷயமே. வாசனையில வர்ற இந்த இனிப்பு ஒரு காபியில கூடவும் இன்னொண்ணுல குறையவும் காரணம் என்ன? இங்கதான் கரும்பு வருது. எறையூருக்கோ சாத்தமங்கலத்துக்கோ ஆலைக்குக் கரும்பு அனுப்பின யாருக்கும் பிரிக்ஸ் தெரியும். சாறை ஒரு சொட்டு விட்டு, அந்தச் சின்னக் குழாய் மாதிரி கருவியில கண்ணை வச்சுப் பார்ப்பாங்க. நல்லா விளைஞ்ச கரும்பு 18, 20-ன்னு காட்டும். காபித் தோட்டக்காரங்களும் இப்போ அதே கருவியை வச்சிருக்காங்க. நல்லா பழுத்துச் சிவந்த காபிப் பழத்தோட சாறும் ஏறக்குறைய கரும்பு மாதிரியே காட்டும். முதிராத பழத்துல அவ்வளவு வராது. பச்சைக் காயில எடுத்த கொட்டை வறுபட்டா, பச்சைக் கடலைத் தோல் மாதிரி ஒரு துவர்ப்பு வரும். அந்தத் துவர்ப்பு எல்லா இனிப்பையும் மூடிடும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. வெட்டின கரும்பு வண்டியிலேயே ரெண்டு நாள் கிடந்தா சர்க்கரை இறங்கிடும்னு நமக்குத் தெரியும். பறிச்ச காபிப் பழத்தை ராத்திரி முழுக்க சாக்குல கட்டி வச்சாலும் அதே கதைதான். சூடேறிப் புளிச்சுடும். அன்னைக்குப் பறிச்சதை அன்னைக்கே எடுக்கணும்.

பறிச்ச பிறகு என்ன செய்யறாங்க என்கிறதுதான் பதப்படுத்தும் முறை. வாஷ்டு முறையில் பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலை நீக்கி, மேலே இருக்கும் வழவழப்பு கரையும் வரை தொட்டியில் ஊறவிட்டு, கழுவி, களத்தில் காயவைப்பார்கள். நேச்சுரல் முறையில் பழத்தை அப்படியே முழுசாக இரண்டு மூன்று வாரம் காயவைப்பது. ஹனி என்றால் தேன் கலப்பது இல்லை. தோலை மட்டும் நீக்கிவிட்டு, பிசுபிசுப்போடு காயவைப்பது, அவ்வளவுதான்.

இதெல்லாம் புதுசா வந்த பட்டணத்துச் சமாச்சாரம்னு நான் நினைச்சிருந்தேன். இல்ல. காபிப் பொடிக் கடைப் பலகையில் "பிளான்டேஷன் ஏ"ன்னு எழுதியிருக்குமே, இந்தியக் காபி வியாபாரத்தில் பிளான்டேஷன் என்றாலே கழுவி எடுத்த அராபிகா. பழமாகவே காய்ந்ததற்கு "செர்ரி" என்று பெயர். நம்ம தாத்தா காலத்திலிருந்து பதப்படுத்தும் முறையைப் பலகையிலேயே எழுதித்தான் விக்கிறாங்க, நாமதான் அதை ஏதோ தரப் பெயர்னு நினைச்சுக்கிட்டோம். (பீபெரி மட்டும் வேற. ஒரு பழத்துல ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒரே உருண்டைக் கொட்டை இருந்தா அது பீபெரி.)

நேச்சுரல் காபி ஏன் அதிகம் இனிக்குது? பழச்சதையிலிருந்து சர்க்கரை கொட்டைக்குள்ள இறங்குதுன்னு எல்லாரும் சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. 2006-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது. சுக்ரோஸ் அளவு இரண்டு முறையிலும் பெரிதாக மாறவில்லை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் கழுவிய கொட்டையில் குறைந்திருந்தன. காரணம், கொட்டை உயிருள்ள விதை. தோல் நீங்கி ஈரத்தில் கிடந்தால் முளைக்கத் தயாராகிறது, தன் கையிருப்பைச் செலவழிக்கிறது. ஊறவச்ச பயறு மாதிரின்னு வச்சுக்கங்க. ஆக, நேச்சுரல் காபிக்குள்ள எதுவும் இறங்கல, வாஷ்டு காபிதான் கொஞ்சம் செலவழிச்சிருக்கு. இதோட, பழம் காயும்போது நடக்கிற நொதிப்பு பலாப்பழம், கள்ளு மாதிரியான வாசனைகளைக் கொடுக்குது. மூக்கு அதை இனிப்புன்னு படிக்குது.

அப்படின்னா எல்லாரும் நேச்சுரலே பண்ணலாமே? தமிழ்நாட்டுல அதுக்கு மழை குறுக்க நிக்குது. நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் காபி பழுக்கிறதும் அதே நேரத்துலதான் ஆரம்பிக்குது. முழுப் பழத்தை மூணு வாரம் களத்துல விரிச்சு வச்சா, நடுவுல ஒரு புயல் சின்னம் வந்தாப் போதும், பூஞ்சணம் பிடிச்சுடும். பூஞ்சணம் பிடிச்ச காபியில இனிப்பைத் தேடவே வேண்டாம். சிக்மகளூர், குடகுப் பக்கம் அறுவடைக் காலத்துல வானம் பெரும்பாலும் தெளிவா இருக்கும். அதனால ஒரே செடி, ஒரே முறையா இருந்தாலும் இடம் மாறினா பலன் மாறும். நம்ம மலைகள்ல நல்ல நேச்சுரல் எடுக்கிறவங்க மேல கூரை போட்டு, தரையிலேர்ந்து உயர்த்தின வலைக் கட்டில்ல காயவைக்கிறாங்க. அதுக்குச் செலவு ஆகும்.

இடத்தோட இன்னொரு பங்கு உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்க காபி வந்து இருநூறு வருஷம் ஆகுது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டைக்குள் சத்து சேர அவகாசம் கிடைக்கும். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் 1,800, 2,000 மீட்டரில் விளைவதோடு ஒப்பிட்டால் நம்ம மலைகள் குட்டைதான். அந்தக் குறையில் ஒரு பகுதியை நிழல் ஈடுகட்டுகிறது. சில்வர் ஓக், பலா, அதுல படர்ந்த மிளகு இதுக்கெல்லாம் கீழேதான் நம்ம காபி வளருது. நிழலும் பழுப்பதைத் தாமதப்படுத்தும். நம்ம ஊருக்கு மேற்கே கொல்லிமலையிலும் இப்படித்தான், மிளகும் காபியும் ஒண்ணா இருக்கும்.

ஆனா என்னைக் கேட்டா, உயரத்தையும் முறையையும் விடப் பெரிய விஷயம் பறிக்கிற கைதான். ஒரு செடியில எல்லாப் பழமும் ஒரே நாள்ல பழுக்காது. சிவந்ததை மட்டும் பறிக்கணும்னா அதே செடிக்கு மூணு நாலு தடவை வரணும், கூலியும் அத்தனை தடவை. கிளையோட உருவினா ஒரே நாள்ல முடிஞ்சுடும். வாங்குற வியாபாரி ரெண்டுக்கும் ஒரே விலை கொடுத்தா, அரை ஏக்கர் வச்சிருக்கிறவர் எதுக்குப் பொறுக்கிப் பறிக்கணும்? ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளிடமிருந்து பழமாகவே வாங்கி, பொது இடத்தில் பதப்படுத்தினார்கள். அந்தக் காபிக்கு 2017-ல் பாரிஸில் கடையே திறந்தார்கள். பாக்கெட்டுல 'வெல்லம்'னு எழுதறதுக்குப் பதிலா, எத்தனை தடவை பறிச்சாங்க, பழத்துக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னு எழுதினா நான் அந்த 600 ரூபாயைச் சந்தோஷமா கொடுப்பேன்.

சரி, அப்பா கதைக்கு வரேன். அவருக்கு வாங்கின காபியில தப்பு இல்ல, நான் போட்ட விதத்துலதான் தப்பு. கெட்டி டிகாஷன்ல அந்த மெல்லிசான இனிப்பு கசப்புக்குள்ள அமுங்கிப் போச்சு. நம்ம ஃபில்டர் காபியோட இனிப்பே வேற கணக்கு. சர்க்கரை, பாலில் இருக்கிற லாக்டோஸ், வறுத்த சிக்கரியோட பாகு வாசனை. அந்த இடத்துல கொட்டையோட சொந்தக் குரல் கேட்காது. (லாக்டோஸும் சர்க்கரை இனம்தான், அதனால பால் எவ்வளவுன்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டோம். வெல்லம் போட்டா பரவாயில்லன்னு பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க, அதுவும் சர்க்கரைதான்.)

இப்போ பிளான்டேஷன் ஏ, கருக விடாம நடுத்தரமா வறுத்தது, சிக்கரி இல்லாம வாங்குறோம். டிகாஷனை முன்னைவிடத் தண்ணியா இறக்கி, பால் குறைச்சு, கொஞ்சம் ஆறவிட்டுக் கொடுக்கிறேன். முதல் வாரம் ஒரு ஸ்பூன், அப்புறம் அரை, அப்புறம் கால். போன மாசத்துலேர்ந்து காலையில ஒரு வேளை சர்க்கரையே இல்லாம குடிக்கிறாரு. இனிக்குதாப்பான்னு கேட்டேன். "இனிக்கல. ஆனா கசக்கலடா"ன்னாரு. சாயங்காலக் காபிக்கு மட்டும் இன்னும் கால் ஸ்பூன் கேட்கிறாரு, போட்டுத்தான் கொடுக்கிறேன்.