மிஸ் ஜோவாக்கிமின் போத்து

முருங்கைப் போத்தை வெட்டி ஊன்றினால் மரமாகிவிடுகிறது. கண்ணுக்குப் பழகிவிட்டதால் அதில் வியக்க ஒன்றுமில்லை என்று கடந்துபோகிறோம். சிங்கப்பூரின் தேசிய மலரான ‘வாண்டா மிஸ் ஜோவாக்கிம்’ ஆர்க்கிட்டும் போத்து ஊன்றிப் பரவியதுதான். ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த அதை, 1893-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி உலகுக்கு அறிவித்தார். அப்போது வெட்டிய துண்டுகளிலிருந்து மேலும் துண்டுகள் வெட்டி, இன்றுவரை ‘ஆக்னஸ்’ என்ற ரகமாக வளர்த்துவருகிறார்கள். அவற்றை முதல் செடியின் பேத்திகள் என்று சொல்வதுகூடத் தவறு. அதே செடிதான் 130 ஆண்டுகளாக ஊர் ஊராக நின்றுகொண்டிருக்கிறது.

இது எப்படி முடிகிறது? தண்டைப் பாருங்கள். பென்சில் போல உருண்ட இலைகள். கணுக்களிலிருந்து காற்றில் தொங்கும் வேர்கள். ஒரே நுனி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இதை ‘ஒற்றை அச்சு வளர்ச்சி’ என்கிறார்கள். தென்னையும் அப்படித்தான் வளர்கிறது. ஆனால் தென்னையின் குருத்து போனால் மரமே போயிற்று. இந்த ஆர்க்கிட்டோ இலை தண்டோடு சேரும் இடுக்குகளில் சிறு மொட்டுகளை உறங்கவைத்திருக்கிறது. உறங்கவைப்பது நுனியில் சுரக்கும் ஆக்சின். தாவரங்களின் வளர்ச்சியை நடத்தும் ஊக்கிகளுள் ஒன்று அது. தண்டு வழியே கீழிறங்கி, ‘நான் இருக்கிறேன், நீங்கள் எழ வேண்டாம்’ என்று மொட்டுகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நுனியை வெட்டினால் அந்தக் குரல் நின்றுபோகும். மொட்டு விழித்துப் பக்கக் கிளையாகும். துவரையில் நுனி கிள்ளும் உழவருக்கு இந்தச் சூட்சுமம் தெரியும்.

வெட்டிய நுனித் துண்டு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. முருங்கைப் போத்து புதிதாக வேர்விட வேண்டும். இதற்கு வேர் ஏற்கெனவே தயார். அந்த வேரின் மேல் வெள்ளையாகத் தெரியும் உறை, உள்ளே ஒன்றுமில்லாத இறந்த செல்களின் அடுக்கு. மழை பட்டதும் பஞ்சு போல நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

எல்லா ஆர்க்கிட்டுகளும் இப்படி வளர்வதில்லை. டென்ட்ரோபியம், கேட்லியா போன்றவை இஞ்சி, மஞ்சள் போலப் பக்கவாட்டில் நகர்கின்றன. ஒவ்வொரு தண்டும் ஒருமுறை வளர்ந்து நின்றுவிடும்; அதன் அடியிலிருந்து அடுத்தது கிளம்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது, பூங்காம்பிலேயே கன்று ஈனும் வழக்கம். ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டில் பூ உதிர்ந்த காம்பின் கணுவில் சில சமயம் குட்டி இலைகள் முளைக்கும், பிறகு வேர்கள். தாய் உயரத்தில் தூக்கி வைத்திருக்கும் முழுச் செடி அது. வேர் நீண்டபின் வெட்டி நட்டால் தனிக்குடித்தனம். இந்தக் கன்றுக்கு உலகெங்கும் ‘கெய்க்கி’ என்றே பெயர். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். ஆக்சினுக்கு எதிராக மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஊக்கியைக் களிம்பாகக் கணுவில் தடவி, கெய்க்கியை வரவழைப்பவர்களும் உண்டு. மிஸ் ஜோவாக்கிமும் ஹவாய்க்குப் போய், அங்கே பூமாலைகளுக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்ந்தது.

துண்டுகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், ஆர்க்கிட் விதை அவ்வளவு பாடு படுத்தும். தூசி போன்ற விதை. ஒரே காயில் பல்லாயிரம், சில வகைகளில் பல லட்சம். நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல இதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தது 1899-இல். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை ஊட்டி முளைக்கவைக்கும் முறையை அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் வெளியிட்டது 1922-இல். அவற்றுக்கெல்லாம் முன்பே இரண்டு வகைகளைக் கலந்து ஒரு கலப்பினத்தைப் பூக்கவைத்திருக்கிறார் ஆக்னஸ். 1899-இல் சிங்கப்பூர் மலர்க்காட்சியில் அதற்கு முதல் பரிசு. அவர் இறந்ததும் அதே ஆண்டு.

உடல் மாறாத இந்தச் செடியின் பெயர் மாறிவிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று ‘டெரஸ்’. அதை முதலில் டென்ட்ரோபியம் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதிக்குப் பேரினம் என்று பெயர்.) 1833-இல் அது வாண்டா ஆனது. 1915-இல் ஜெர்மானியர் ருடால்ஃப் ஷ்லெக்டர், உருண்ட இலைக்காரர்களைப் பிரித்துப் ‘பப்பிலியோநாந்தே’ என்று, அதாவது வண்ணத்துப்பூச்சி மலர் என்று தனிப்பேரினம் வகுத்தார். மற்றொரு பெற்றோரான ‘ஹூக்கெரியானா’வும் அங்கே போனது. ஆகவே தாவரவியல் ஏடுகளில் பிள்ளைக்கு இன்றைய பெயர் பப்பிலியோநாந்தே மிஸ் ஜோவாக்கிம். ஆனால் 1981-இல் அதைத் தேசிய மலராக்கிய சிங்கப்பூரில் வாண்டா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தோற்றத்தை நம்பிப் பிரிக்கலாமா என்ற ஐயம் நியாயமானது. டிஎன்ஏ ஒப்பீடு வந்தபின் 2012-இல் வாண்டா பேரினத்தையே திருத்தி எழுதினார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஜப்பானிய நியோஃபினெட்டியா, தோற்றத்தில் ஒட்டே இல்லாதது, வாண்டாவுக்குள் வந்துசேர்ந்தது. பப்பிலியோநாந்தே வெளியிலேயே நின்றது. ஷ்லெக்டரின் கண் ஏமாறவில்லை.

தமிழில் கிளை என்றால் மரக்கிளை மட்டுமில்லை, உறவும்தான். தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் கிளை தாய்வழியே வரும். ஆர்க்கிட்டின் பசுங்கணிகமும் அப்படித்தான். இலைக்குப் பச்சை தரும் அந்தச் சிறு உறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து வருவது. இரு பெற்றோரில் காய் தாங்கியது எது, மகரந்தம் தந்தது எது என்று 1893-இல் யாரும் எழுதிவைக்கவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு பசுங்கணிக மரபணு ஒன்றை வாசித்துப் பார்த்தது. தாய் டெரஸின் ஒரு வகை. ஆகவே தந்தை ஹூக்கெரியானா. 1893-இல் பறித்து உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிவைத்த மிஸ் ஜோவாக்கிமிலிருந்தும் அதே மரபணுவை எடுத்து வாசித்தார்கள். இன்று பூத்து நிற்கும் செடியிலிருந்து எடுத்ததோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது.